ஒன்பதாவது வளையம்

எங்கள் பட்டறையில் அவரை எல்லோரும் ஆபா என்றுதான் கூப்பிடுவோம். உருதுவில் அக்கா என்று பொருள். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் படித்துவிட்டு எங்கெங்கே தப்பு என்று திருத்தம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

ஆபா ஒரு பொருளைப் பார்த்து "நல்லா இருக்குது" என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது. ஒரு பக்ரீத்துக்கு மறுநாள் பெரிய அடுக்கில் பிரியாணி கொண்டுவந்தார். பதினான்கு பேர் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒருத்தன் விரலை நக்கிக்கொண்டே, "ஆபா, சூப்பர்" என்றான்.

"அடியில புடிச்சிக்கிச்சிப்பா. மேலாப்புல எடுத்துக்கோ, கீழ போவாத" என்றார்.

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அடி நிஜமாகவே தீய்ந்துதான் இருந்தது.

அவர் மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது பார்க்கப் போயிருந்தேன். இளம் டாக்டர் ஒருவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, "பயப்படாதீங்கம்மா, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். ஆபா எழுந்து நின்று, "எத வச்சி சொல்றீங்க டாக்டர்?" என்று கேட்டார். சண்டைக் குரல் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற குரல். டாக்டர் திரும்பி வந்தார். ரத்தப் பரிசோதனைத் தாளை விரித்துவைத்து ஒவ்வொரு வரியாக விளக்கினார். கடைசியில், "உண்மையச் சொல்லணும்னா இன்னிக்கு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றார். "சரி, அப்ப நான் இங்கியே இருக்கேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார் ஆபா.

எங்கள் ஷெட் ஊருக்கு வெளியே, முசரவாக்கம் தாண்டி இருக்கிறது. மின்நிலையங்களில் சுழலும் டர்பைனுக்குள் நெருப்பு ஓடுகிற இடத்தில் சில பாகங்கள் உண்டு. சாதாரண இரும்பு அந்தச் சூட்டில் வாழைப்பட்டை மாதிரி வளைந்துவிடும். அதனால் நிக்கலை முக்கியமாக வைத்து, வேறு ஏழெட்டு உலோகம் கலந்த தகட்டில் செய்வார்கள். அந்தத் தகடுகளை லேசரால் பற்றவைப்பதுதான் எங்கள் வேலை. லேசர் மெஷின் என் பொறுப்பு. ஒளி படுகிற இடம் உருகும், கதிர் நகர்ந்ததும் கண் இமைப்பதற்குள் உறைந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் வெள்ளிக்கோடு போல இணைப்பு ஓடும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

அந்த அழகை ஆபா கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. பற்றவைத்ததைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. நாற்பத்திரண்டு வயது இருக்கும். நீலக் கோட்டு, தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிய கறுப்புத் துணி, கழுத்தில் கயிற்றில் தொங்கும் ஒரு சின்ன லென்ஸ். இணைப்பின் மேல் ஒளிரும் திரவம் தடவித் துடைத்துவிட்டு, இருட்டறையில் ஊதா விளக்கைப் போட்டுப் பார்ப்பார். மேலே வாய் திறந்த விரிசல் இருந்தால் அதற்குள் போன திரவம் பச்சையாக மின்னும். பிறகு எக்ஸ்ரே படம். முடிவில் அவர் எழுதுவது எப்போதும் ஒரே வாசகம்: "பார்த்த இடங்களில் குறை தென்படவில்லை."

"இன்னா ஆபா, 'குறை இல்ல'ன்னு எழுதக் கூடாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இல்லன்னு எனக்கு எப்டிப்பா தெரியும்? பாத்த எடத்துல தென்படல. அவ்ளோதான்."

அவரிடம் எங்களுக்குப் பயம் இருந்தது. வைகாசியில் கருட சேவை அன்று விடிகாலையில் சாமி பார்த்துவிட்டு ஐந்து பேர் நேராக வேலைக்கு வந்தார்கள். நெற்றியிலும் கையிலும் சந்தனம், உள்ளங்கையில் எண்ணெய்ப் பிசுக்கு. நிக்கல் கலவைக்கு எண்ணெய், கிரீஸ், மார்க்கர் மை எதுவும் ஆகாது. அதில் கொஞ்சம் கந்தகம் இருந்தாலும் சூட்டில் உள்ளே இறங்கி இணைப்பை வெடிக்க வைத்துவிடும். வாசலிலேயே ஐந்து பேரையும் நிறுத்தினார் ஆபா.

"கை கழுவிக்கினு வாங்க. சோப்பு போட்டு ரெண்டு தடவ."

அவர்களில் மூத்தவர், "சாமி சந்தனம்மா இது" என்றார். அந்த 'ம்மா'வில் மரியாதை குறைந்திருந்தது. நான் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஊரில் எங்கேயோ நடந்த ஏதோ மதச் சண்டையைப் பற்றி ஒரு வாரமாக எல்லோர் போனிலும் வீடியோ வந்துகொண்டிருந்த சமயம். வார்த்தை தடித்தால் எங்கே போய் நிற்கும் என்று தெரியாது.

"நெத்தியில இருக்கட்டும்ணா. அது பாகத்து மேல படாது. கைல இருக்கக் கூடாது" என்றார் ஆபா. பிறகு தன் இரண்டு கைகளையும் நீட்டினார். "ரம்ஜானுக்கு எங்க வூட்ல எல்லாரும் மருதாணி வச்சாங்க, அத்தர் பூசிக்கினாங்க. நான் வச்சிக்கல. மறுநாளு இங்க வேல இருந்துது."

மூத்தவர் அந்தக் கைகளைப் பார்த்தார். குழாயடிக்குப் போனார். மற்ற நான்கு பேரும் பின்னால் போனார்கள். அதற்கப்புறம் அவருக்கும் ஆபாவுக்கும் நல்ல பேச்சுவார்த்தை என்றெல்லாம் சொல்ல முடியாது. ஆனால் அவர் கை கழுவாமல் உள்ளே வந்ததில்லை.

இனி அந்த வளையத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் முதலாளி ஒரு வருஷம் அலைந்து, மூன்று தணிக்கைகளைத் தாண்டி, பெரிய வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து முதல் வேலையை வாங்கியிருந்தார். டர்பைனின் எரிகலத்துக்குப் பன்னிரண்டு வளையங்கள். வியாழக்கிழமை காலையில் வண்டி ஏற வேண்டும். திங்கட்கிழமை மின்நிலையத்தில் பொருத்துவார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒன்பதாவது வளையத்தில் லேசரை ஓட்டிக்கொண்டிருந்தேன். இணைப்பின் மேல் காற்று படாமல் இருக்க ஆர்கான் வாயுவை ஊதிக்கொண்டே இருப்போம். நடுவில் அந்த அழுத்தம் ஒரு நொடி இறங்கி ஏறியது. வெள்ளிக்கோட்டில் இரண்டு அங்குல நீளத்துக்குக் கருத்து, லேசாகப் பள்ளம் விழுந்தது.

இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. நிறுத்த வேண்டும். பதிவேட்டில் எழுத வேண்டும். ஆபாவைக் கூப்பிட வேண்டும். அந்த வளையம் ஒதுக்கப்படும், சோதனைத் துண்டு செய்து அறுத்துப் பார்த்து, எப்படிச் சரிசெய்வது என்று முடிவாக இரண்டு நாள் ஆகும். எங்களுக்கு இரண்டு நாள் இல்லை. நான் அந்த இடத்தை பிரஷ்ஷால் தேய்த்தேன். அதே இரண்டு அங்குலத்தின் மேல் இன்னொருமுறை லேசரை ஓட்டினேன். பளபளவென்று, மற்ற இடத்தைவிட அழகாக வந்தது. பதிவேட்டில் எதுவும் எழுதவில்லை. மெஷினில் பதிவாகாதா என்று கேட்கலாம். எங்கள் மெஷின் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கடைசி ஓட்டத்தை மட்டும்தான் வைத்துக்கொள்ளும்.

பன்னிரண்டு வளையங்களும் ஊதா விளக்கையும் எக்ஸ்ரேயையும் தாண்டின. ஆபா கையெழுத்துப் போட்டார். வண்டி போனது. முதலாளி எல்லோருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை, பழைய எக்ஸ்ரே படங்களை உறையில் போட்டு அடுக்கிக்கொண்டிருந்த ஆபா என்னிடம் வந்தார். கையில் இரண்டு படம்.

"ஒம்போதாவது ரிங்குல ஒரு எடத்துல கோடு கொஞ்சம் அகலமா இருக்குது. அளவுக்குள்ளதான் இருக்குது. எட்டாவதோட பக்கத்துல வச்சி பாத்தாதான் தெரியுது. அந்த எடத்துல மறுபடி ஓட்டினியா?"

"இல்ல ஆபா."

யோசிக்காமல் வந்துவிட்டது. யோசித்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

ஆபா என்னை உற்றுப் பார்க்கவில்லை. நோட்டைத் திறந்து எழுதினார். எழுதியதைத் திருப்பி எனக்குக் காட்டினார். 'ஒன்பதாவது வளையம், அகல மாற்றம். மறுபடி ஓட்டவில்லை என்று ஆபரேட்டர் சொல்கிறார்.'

"படிச்சிட்டு கையெழுத்து போடுப்பா."

போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

பதினோரு மணிக்கு முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஆபா அவருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். மேஜையில் அந்த இரண்டு படங்களும் இருந்தன.

"அளவுக்குள்ள இருக்குதா, இல்லியா?" என்று முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இருக்குது சார்."

"அப்புறம் இன்னாம்மா பிரச்சன?"

"ஏன் அகலமாச்சின்னு தெரியல. மறுபடி ஓட்டியிருந்தா, கோட்டுக்குப் பக்கத்துல உள்ளுக்குள்ள விரிசல் விட்டிருக்கலாம். வெளிய வராத விரிசல்ல திரவம் எறங்காது. மெல்லிசா இருந்தா எக்ஸ்ரேலயும் விழாது. அறுத்துப் பாத்தாதான் தெரியும்."

அவர் சொன்னது உண்மை. இந்தக் கலவையில் லேசர் போன கோட்டைவிட அதன் ஓரம்தான் ஆபத்து. அங்கே உலோகம் முழுதாக உருகாது, உள்ளே மணிமணியாக இருக்கிற துகள்களின் எல்லைகள் மட்டும் இளகும். கோடு உறையும்போது சுருங்கி இழுக்கும். இளகிய எல்லை தாங்காமல் கிழியும். ஒருமுறை இழுத்ததை இன்னொருமுறை இழுத்தால் கிழிய இன்னும் வசதி. அப்படி ஒரு கிழிசல் டர்பைனுக்குள் நெருப்பில் நாள்கணக்கில் அதிர்ந்தால் நீளும். துண்டு கழன்று, சுழலும் இறக்கைகளுக்குள் போய் விழும். பக்கத்தில் ஆள் இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. மறுபடி ஓட்டினியா?"

ஆபா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார்" என்றேன்.

"போதுமாம்மா?"

"அவர் சொன்னத எழுதிட்டேன் சார். ஆனா ரிங்க அறுக்காம என்னால மேல ஒண்ணும் சொல்ல முடியாது. அவங்ககிட்ட பேசி திருப்பி வாங்குங்க."

"மொத வேலை. இப்ப போயி சந்தேகமா இருக்குதுன்னு சொன்னா கதவுக்கு வெளிய நிறுத்திடுவாங்க. முப்பது குடும்பம் இங்க சாப்புடுது. திங்கக்கெழம பேசலாம்."

"திங்கக்கெழம பொருத்திடுவாங்க சார்." ஆபாவின் குரல் இறங்கியது. அவர் குரல் இறங்கினால்தான் எங்களுக்குப் பயம். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாப்பேன். நீங்க பேசலன்னா நான் அவங்களுக்கு மெயில் போடுவேன். ஒங்களுக்குத் தெரியாம போட மாட்டேன். அதான் இப்பவே சொல்றேன்."

"போட்டா இங்க வேலை இருக்காது."

"தெரியும் சார்."

படங்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

சனிக்கிழமை ஒரு மணியோடு ஷிப்ட் முடியும். எல்லோரும் போன பிறகு நான் இருந்தேன். வாட்ச்மேனிடம் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று சொன்னேன். அதே தகட்டில் மிச்சமிருந்த இரண்டு பட்டைகளை எடுத்து, அன்றைக்குச் செய்தமாதிரியே வாயுவைக் குறைத்து ஓட்டினேன். அதே பிரஷ்ஷால் தேய்த்தேன். மறுபடி ஓட்டினேன். குறுக்கே அறுத்தேன். ஆபா செய்வதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். முகம் தெரிகிற அளவுக்கு மெருகேற்றி, அமிலத்தில் தோய்த்துக் கழுவி, அவருடைய மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தேன்.

தேடவே வேண்டியிருக்கவில்லை. கோட்டுக்குப் பக்கத்தில், மணிகளின் எல்லையோடு வளைந்து வளைந்து ஒரு கறுப்பு இழை ஓடியது. பக்கத்தில் இன்னொன்று. நான் கண்ணை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். அங்கேயேதான் இருந்தது.

அந்தத் துண்டை ஒரு தாளில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். தூக்கி எறிய நினைத்துத்தான் போட்டேன். வரும் வழியில் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினேன். கையில் எடுத்தேன். அப்புறம் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை எழுந்தபோது அண்ணன் தறியில் உட்கார்ந்திருந்தான். முன்கட்டில் தறிச் சத்தம், சமையல்கட்டில் மிக்ஸி. என் மனைவி காபி கொடுத்துவிட்டு, "இன்னா, மொகம் ஒரு மாதிரி இருக்குது?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அது மூன்றாவது பொய். அதைச் சொன்னதும்தான் என்னால் உட்கார முடியாமல் போனது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மணி ஒன்பதரை.

ஆபாவின் வீடு மசூதிக்குப் பின்சந்தில் இருந்தது. அவர் கணவர் கதவைத் திறந்தார். ஆபா கூடத்தில் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்த நோட்டும் லேப்டாப்பும் இருந்தன. மெயிலைத் தயாராக எழுதி வைத்திருக்கிறார் என்று புரிந்தது.

"ஆபா, நான் ஓட்டினேன்" என்றேன். நின்றுகொண்டேதான் சொன்னேன்.

அவர் கணவர் உள்ளே போய்விட்டார். ஆபா கையைத் துடைத்துக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் நோட்டைத் திறந்தார்.

"எவ்ளோ நீளம்?"

"ரெண்டு அங்குலம்."

"மறுபடி எத்தன தடவ?"

"ஒரே தடவ."

"நடுவுல எவ்ளோ நேரம் விட்ட?"

"அஞ்சு நிமிசம் கூட இருக்காது."

"தேச்ச பிரஷ் எது? அந்த சாதா இரும்பு பிரஷ்ஷா?"

தலையாட்டினேன். இரும்புத் துகளும் நிக்கலுக்கு ஆகாது; அதையும் எழுதினார். சட்டைப்பையிலிருந்து துண்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். நேற்று என்ன செய்தேன் என்று சொன்னேன். கழுத்தில் தொங்கிய லென்ஸை வைத்து அதைப் பார்த்தார். லென்ஸில் அந்த இழை தெரியாது. ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தார்.

"பாலீஷ் சரியா பண்ணல. கீறல் இருக்குது" என்றார். பிறகு எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, "வா, போலாம்" என்றார்.

முதலாளி வீட்டில் நான் சொல்லி முடிக்கும்வரை அவர் சோபாவில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். திறந்ததும் என்னைப் பார்க்கவில்லை. போனை எடுத்தார். வாடிக்கையாளரின் இன்ஜினியர் எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. மின்நிலையத்து நம்பரைத் தேடிப் போட்டால், அங்கே எடுத்தவர் சாதாரணமாகச் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமையே வேலையை ஆரம்பித்துவிட்டார்கள், எட்டு வளையம் உள்ளே போய்விட்டது.

முதலாளி போனை ஆபாவிடம் நீட்டினார்.

"சார், நான் இன்ஸ்பெக்டர் பேசறேன். எந்தெந்த நம்பர் ரிங் போயிருக்குது, பாத்து சொல்லுங்க."

அவர் பார்க்கப் போனார். போனில் ஏதோ கிரேன் சத்தமும் யாரோ கத்துவதும் கேட்டது. ஆபா ஒரு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறுகையால் என் துண்டை இறுக்கிப் பிடித்திருந்தார்.

ஒன்பதாவதும் உள்ளே போயிருந்தது.

"நிறுத்துங்க சார். ஒம்போதாவது வெளிய வரணும். நாங்க கையெழுத்து போட்டு அனுப்பினது தப்பாயிருக்கலாம்" என்றார் ஆபா. 'நாங்க' என்றுதான் சொன்னார்.

புதன்கிழமை அந்த வளையம் எங்கள் ஷெட்டுக்குத் திரும்பி வந்தது. கூடவே வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து இரண்டு பேர். அவர்கள் எதிரிலேயே ஆபா அறுத்தார். முதல் வெட்டில் ஒன்றும் இல்லை. மெருகேற்றி, தோய்த்து, பார்த்து, தள்ளி வைக்க ஒன்றரை மணிநேரம். இரண்டாவது வெட்டிலும் ஒன்றும் இல்லை. வந்தவர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இதுக்காகவா மொத்த வேலையையும் நிறுத்தச் சொன்னீங்க?" என்றார். முதலாளி சுவரோடு சாய்ந்து நின்றார்.

அப்போது எனக்குத் தோன்றியதை மறைக்காமல் சொல்கிறேன். விரிசல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் கையால் கெடுத்த பாகம் கெட்டுத்தான் இருக்க வேண்டும் என்று.

ஆபாவுக்கு அப்படி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. எக்ஸ்ரே படத்தை எடுத்து வளையத்தின் மேல் வைத்து, கோடு அகலமாக ஆரம்பிக்கும் இடத்தில் ஊசியால் ஒரு புள்ளி வைத்தார். அங்கே அறுத்தார். மூன்றாவது துண்டை வைத்துப் பார்த்தவர், எழுந்து நாற்காலியை வந்தவருக்குக் கொடுத்தார். அவர் குனிந்தார். நிமிரவேயில்லை. பிறகு மெதுவாகத் தன் கூட வந்தவரைக் கூப்பிட்டார்.

அரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் இருந்தது.

ஆபா வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் போனேன். "ஆபா, கண்டுபுடிச்சிட்டீங்க" என்றேன்.

"நான் பாஸ் பண்ணதுப்பா அது" என்றார்.

எட்டு மாதம் எங்களுக்கு அந்த வாடிக்கையாளரிடமிருந்து வேலை வரவில்லை. முதலாளி என்னை லேசரிலிருந்து எடுத்து, பாகம் கழுவும் பிரிவில் போட்டார். ஆபாவிடம் அவர் நேராகப் பேசாமல் ஆள்விட்டுச் சொல்லியனுப்பினார். ஆபா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆள்விட்டு வந்த கேள்விக்கும் எழுதித்தான் பதில் அனுப்பினார். எட்டு மாதம் கழித்து அவர்களே வந்து, மறுபடி தணிக்கை செய்து வேலை கொடுத்தார்கள். வந்தவர்களில் ஒருவர் அன்றைக்குக் கடிகாரம் பார்த்தவர்.

அந்த எட்டு மாதத்தில் எனக்கு ஆபாவோடு ஒரே ஒரு தகராறு. அவர் எழுதிய அறிக்கைதான் காரணம். முதல் வரியில், ஆய்வாளர் முதல் பார்வையில் அகல மாற்றத்தைக் கவனிக்கவில்லை என்று தன்னைப் பற்றி எழுதியிருந்தார். அடுத்து என் பெயர். பதிவு செய்யாமல் மறுபடி ஓட்டினார். கேட்டபோது இரண்டு முறை மறுத்தார். மறுநாள் காலை தானே வந்து சொன்னார்.

"ஆபா, ரெண்டு தடவ மறுத்தாருன்னு இருக்குதே. அத எடுத்துடுங்க. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குது."

"நடந்துதா, இல்லியா?"

"நடந்துது."

"தானே வந்து சொன்னாருன்னும் இருக்குதில்ல? அத எடுக்கட்டுமா?"

வெளியே வந்துவிட்டேன். ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அவர் வழக்கம்போல என் முன்னால் வந்து நின்று, நான் கழுவிய பாகங்களை வெள்ளைத் துணியால் துடைத்து, துணியைப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் இரண்டு வருஷத்தில் அவர் கணவருக்கு ஆம்பூரில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார். போகிற அன்று யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. சந்தனக் கையோடு வந்த அந்த மூத்தவர் மட்டும் ஒரு முழம் பூ கொண்டுவந்து கொடுத்தார். ஆபா வாங்கிக்கொண்டார்.

போன வருஷம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் லேசர் ஆபரேட்டர் வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். முன்பு கூட வேலை பார்த்தவர் ஒருவரின் நம்பர் கேட்டார்கள். இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த ஆள் ஆபாதான். கொடுத்தேன். வேலை கிடைக்கவில்லை. உள்ளே இருந்த தெரிந்த பையன் ஒருத்தன் சொன்னான்: "அண்ணே, நீங்க குடுத்த நம்பர்ல, நீங்க ரெண்டு தடவ பொய் சொன்னீங்கன்னு சொல்லிட்டாங்க."

எனக்கு வந்த கோபத்தில் எங்கள் தெருவில் நின்றுகொண்டே ஆம்பூருக்குப் போன் போட்டேன்.

"ஆமாப்பா, கேட்டாங்க. சொன்னேன்" என்றார் ஆபா. "வேல கெடச்சிதா?"

"எப்டி ஆபா கெடைக்கும்? நானே ஒங்க வூடு தேடி வந்து ஒத்துக்கினேனே, அத சொல்லக் கூடாதா?"

"அதத்தான் மொதல்ல சொன்னேன். அவங்க அத கேட்டுக்கல போலருக்குது."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. யாரையோ அடுப்பை அணைக்கச் சொன்னார். பிறகு போனுக்கு வந்தார்.

"வேற எங்கியாவது போடப் போறியா?"

"பாக்கணும் ஆபா."

"என் நம்பரையே குடு."

போனை வைத்தேன். பக்கத்து வீட்டில் யாரோ தறியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

இரண்டு மாதம் கழித்து இன்னோர் இடத்தில் போட்டேன். விண்ணப்பத்தில் கூட வேலை பார்த்தவரின் நம்பர் கேட்கும் கட்டம் வந்தபோது பேனா நின்றது. கேட்டால் என்னைப் பற்றி நல்லபடியாகச் சொல்வதற்குத் தயாராக எங்கள் முதலாளி இருந்தார், பழைய ஃபோர்மேன் ஒருவர் இருந்தார். ஆபாவின் நம்பரை எழுதினேன்.

அவர் என்ன சொன்னார் என்று இந்தமுறை எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் தேதியிலிருந்து வரச் சொன்னார்கள்.